460 ஜிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான்: கற்றையில் 2,250 வாட், கலோரிமீட்டரில் 18 வாட். மிச்சம் எங்கே போகிறது?

அலைநீளம் (சிங்கப்பூர்) கேட்டது:

வணக்கம். இரண்டாம் ஹார்மோனிக்கில் (எலக்ட்ரான் காந்தப்புலத்தில் சுற்றும் அதிர்வெண்ணின் இரு மடங்கில்) ஓடும் சிறிய ஜைரோட்ரான் (காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான் கற்றையிலிருந்து நுண்ணலை எடுக்கும் வெற்றிடக் குழாய்) ஒன்றைப் பற்றிய கேள்வி. 700 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) காந்தத்தோடு டிஎன்பி (எலக்ட்ரான்களின் காந்த முனைவாக்கத்தை அணுக்கருவுக்கு மாற்றி என்எம்ஆர் சைகையைப் பெருக்கும் முறை) செய்வதற்கான குழாய். விவரங்கள்:

கற்றை 15 கிலோவோல்ட், 150 மில்லிஆம்பியர். காந்தப்புலம் 8.4 டெஸ்லா. மோட் (குழிக்குள் அலை அமையும் வடிவம்) டிஇ 0,6. ஒத்ததிர்வுக் குழியின் ஆரம் 2.035 மில்லிமீட்டர், நேர்ப்பகுதியின் நீளம் 25 மில்லிமீட்டர், ஆக்சிஜன் நீக்கிய செம்பு. குழிக்குள் கற்றையின் ஆரம் 1.03 மில்லிமீட்டர். எலக்ட்ரான் துப்பாக்கியின் கணக்குப்படி ஆல்பா (குறுக்கு வேகம் ÷ நெடுக்கு வேகம்) 1.5.

சிமுலேஷன் பயனுறுதிறன் 3 சதவீதம் என்று தருகிறது, அதாவது 67 வாட். அலையைக் கொண்டுபோகும் பைப்பின் கடைசியில் கலோரிமீட்டர் (அலையை உறிஞ்சி, தண்ணீர் சூடாவதை வைத்து வாட் அளக்கும் கருவி) காட்டுவது 18 வாட். 1 சதவீதம்கூட இல்லை. ஐடர் அணுக்கரு இணைவுத் திட்டத்தின் 170 ஜிகாஹெர்ட்ஸ் குழாய்கள் 50 சதவீதம் தொடுகின்றன. அதிர்வெண் மூன்று மடங்கு கூடத் தேறாத வித்தியாசத்தில் இவ்வளவு சரிவு ஏன்? எந்த இடத்தில் முதலில் கை வைக்க வேண்டும்?

குழிக்கணக்கு:

அந்த 3 சதவீதம் எதைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள். பல நிரல்கள் முதல் வரியில் தருவது, எலக்ட்ரான்கள் அலைக்குக் கொடுத்த ஆற்றலின் பங்கு. சுவரில் சூடாகப் போனதை அதில் கழித்திருக்க மாட்டார்கள். மெகாவாட் குழாயில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டாலும் பெரிதாக எதுவும் கெடாது. உங்கள் குழாயில் பாதிக் கதையே அதுதான்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 460 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.652 மில்லிமீட்டர். செம்பில் தோல் ஆழம் 0.096 மைக்ரான். டிஇ 0,6 மோடுக்குச் சுவர் இழப்பின் கியூ (கூடக் கூட இழப்பு குறைவு என்று காட்டும் எண்) என்பது ஆரத்தைத் தோல் ஆழத்தால் வகுத்தால் கிடைப்பது: சுமார் 21,000. இது பாடப்புத்தகச் செம்புக்கு. கடைசலில் பிடித்த செம்பின் மேற்பரப்பு மேடுபள்ளம் 0.1, 0.2 மைக்ரான் இருக்கும். அதாவது மின்னோட்டம் ஓடுகிற அடுக்கின் தடிமனே அவ்வளவுதான். அதனால் கடத்துதிறனைப் பாதியாக எடுத்துக்கொள்வது நியாயம். அப்போது சுவர்க் கியூ 15,000.

அடுத்தது, அலை குழியிலிருந்து வெளியேறுவதற்கான கியூ. அதன் கீழெல்லை, நீளத்தை அலைநீளத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 12.57 ஆல் பெருக்கினால் வரும். 25 மில்லிமீட்டருக்கு அது 18,500. முனையில் எதிரொளிப்பு இருந்தால் இதைவிடக் கூடும்.

வெளியே வரும் பங்கு = 15,000 ÷ (15,000 + 18,500) = 45 சதவீதம். 67 வாட்டில் 37 வாட் சுவருக்கு, 30 வாட்தான் குழியை விட்டு வெளியே வருகிறது.

ஐடர் வகைக் குழாயில் இதே கணக்கைப் போட்டால், குழியின் ஆரம் 18 மில்லிமீட்டர் அளவில், மோட் டிஇ 31,8 போன்ற ஒன்று. சுவர்க் கியூ 60,000 ஐ ஒட்டி வரும், வெளியேற்றக் கியூ 1,500 ஐ ஒட்டி. சுவர் எடுப்பது இரண்டு மூன்று சதவீதம். உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் அதிர்வெண்ணால் மட்டும் வந்ததில்லை. அவர்கள் அடிப்படை ஹார்மோனிக்கில், 70, 80 கிலோவோல்ட்டில், பல பத்து ஆம்பியரில், குட்டையான குழியில் ஓட்டுகிறார்கள். அதற்கு மேல், கற்றை கடைசியில் போய் விழும் கலெக்டரில் மின்னழுத்தத்தைக் குறைத்து, செலவழிந்த கற்றையின் ஆற்றலை மீட்கிறார்கள். அந்த மீட்பு இல்லாவிட்டால் அவர்களும் 30, 35 சதவீதத்தில்தான் நிற்பார்கள்.

நீங்கள் ஏன் நீளமான குழிக்குப் போக வேண்டியிருந்தது? இரண்டாம் ஹார்மோனிக்கில் எலக்ட்ரானுக்கும் அலைக்கும் உள்ள பிடிப்பு மிக மெல்லியது. 15 கிலோவோல்ட்டில், ஆல்பா 1.5 இல், எலக்ட்ரானின் குறுக்கு வேகம் ஒளிவேகத்தில் 0.2 பங்கு. இந்த வேகத்தில் இரண்டாம் ஹார்மோனிக்கின் பிடிப்பு அடிப்படையைவிட சுமார் 25 மடங்கு குறைவு. 150 மில்லிஆம்பியரை வைத்துக்கொண்டு அலைவைத் தொடங்கவே உயர்ந்த கியூ வேண்டும். உயர்ந்த கியூவுக்கு நீளம் வேண்டும். அந்த நீளம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஒன்று, மேலே சொன்ன சுவர் இழப்பு. மற்றொன்று, அளவீடு செய்த நீளம், அதாவது மியூ. அதைக் கணக்கிட, குறுக்கு வேகத்தின் வர்க்கத்தை நெடுக்கு வேகத்தால் வகுத்து, நீளம் ÷ அலைநீளம் என்பதாலும் பையாலும் பெருக்க வேண்டும். உங்களுக்கு 35 வருகிறது. நல்ல பயனுறுதிறன் கிடைப்பது 15 முதல் 20 வரை. 35 இல், கற்றை தன் ஆற்றலைக் கொடுத்து முடித்த பிறகும் குழிக்குள்ளேயே பயணம் செய்கிறது. கொடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

நீளத்தை 18 மில்லிமீட்டராக்கினால் வெளியேற்றக் கியூ 9,600 ஆகும், வெளியே வரும் பங்கு 61 சதவீதம், மியூ 25. ஆனால் தொடக்க மின்னோட்டம் (அலைவு தொடங்கத் தேவையான குறைந்தபட்சக் கற்றை மின்னோட்டம்) இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஏறும். இப்போது உங்கள் தொடக்க மின்னோட்டம் எவ்வளவு?

குழியைத் திரும்பச் செய்வதாக இருந்தால் இன்னொன்று. உங்கள் மோட் ஓடும் அதிர்வெண், குழியின் வெட்டு அதிர்வெண்ணைவிட (அதற்குக் கீழே அந்த மோட் பரவாது) 39 மெகாஹெர்ட்ஸ்தான் மேலே இருக்கிறது. ஆரம் 1 மைக்ரான் தப்பினால் வெட்டு அதிர்வெண் 226 மெகாஹெர்ட்ஸ் நகரும். 25 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒரு மைக்ரான் சரிவு இருந்தாலே அலை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். வரைபடத்தில் இருக்கிற குழியும் கற்றை பார்க்கிற குழியும் வேறு வேறாகிவிடும். 4 மில்லிமீட்டர் துளைக்குள் மைக்ரான் அளப்பது பெரும்பாடு. அதனால் அலுமினிய அச்சுத் தண்டைக் கடைந்து, அதை வெளிப்புறமாக அளந்து சரிபார்த்து, அதன் மேல் செம்பை மின்படிவு செய்து, பிறகு தண்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்துவிடும் முறையே எனக்குப் பிடித்தது. துவாஸ், ஊபி பக்கத்துப் பட்டறையிடம் கொடுத்தாலும், தண்டின் விட்டத்தை 2 மில்லிமீட்டருக்கு ஒரு முறை அளந்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் செம்புக் குளியலுக்கு அனுப்பாதீர்கள்.

குழியைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்தால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பலன் உண்டு, ஆனால் எதிர்பார்க்கிற அளவு வராது. அந்த வெப்பநிலையில் செம்புக்குள் எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரம் தோல் ஆழத்தைத் தாண்டிவிடுவதால், நேர்மின் தடை குறைகிற வேகத்தில் மேற்பரப்புத் தடை குறையாது.

அலைநீளம்:

மிக்க நன்றி. நிரலின் கையேட்டைப் பார்த்தேன். 3 சதவீதம் சுவர் இழப்பைக் கழிக்காத எண்தான். தொடக்க மின்னோட்டம், மிகச் சாதகமான புலத்தில், 60 மில்லிஆம்பியர். 18 மில்லிமீட்டருக்குப் போனால் அது 150 ஐத் தாண்டிவிடும் போலிருக்கிறதே? குழிக்கும் கலெக்டருக்கும் தனித்தனித் தண்ணீர்ச் சுற்று இருக்கிறது.

எமிட்டர்:

18 வேண்டாம். 60 மில்லிஆம்பியர் கிட்டத்தட்ட 170 ஆகிவிடும், அலைவே தொடங்காது. 21 மில்லிமீட்டரில் தொடக்கம் 100 ஐ ஒட்டி வரும், வெளியே வரும் பங்கு 53 சதவீதம். ஆனால் அப்போது ஓட்டும் மின்னோட்டம் தொடக்கத்தின் ஒன்றரை மடங்குதான். அந்த நிலையில் எலக்ட்ரான் பயனுறுதிறன் விழுந்து, சுவரில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். குழிக்கணக்கு சொன்னது சரிதான், ஆனால் வரிசையில் கற்றை முதலில் வர வேண்டும். புதுக் குழி செய்யப் பல வாரம். கற்றையைச் சரிபார்க்க ஒரு நாள்.

முதலில் மையம். டிஇ 0,6 இல் இரண்டாம் ஹார்மோனிக்கின் பிடிப்பு 1.03 மில்லிமீட்டரில் உச்சம். அங்கிருந்து 0.17 மில்லிமீட்டர் வெளியே போனால் பிடிப்பு பூஜ்யம், உள்ளே போனாலும் ஏறக்குறைய அப்படியே. கற்றை வளையம் முழுவதும் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் சராசரிப் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும், தொடக்க மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும். குழாயை அறையின் சூட்டில் சீரமைத்து, காந்தம் குளிர்ந்த பின் சரிபார்க்காமல் விட்டால் 0.1 மில்லிமீட்டர் விலகல் வருவது பெரிய விஷயமே இல்லை. குழாயின் தாங்கியில் இரண்டு திசையிலும் 0.05 மில்லிமீட்டர் படியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் தொடக்க மின்னோட்டத்தை எழுதுங்கள். வெளியீட்டு வாட்டைப் பார்த்துச் சீரமைக்காதீர்கள். வேறொரு மோட் எழுந்து வந்து ஏமாற்றும். தொடக்க மின்னோட்டத்தின் அடிமட்டம் ஏமாற்றாது.

அந்த வேறொரு மோட் யார் என்பதும் தெரிந்ததுதான்: அடிப்படை ஹார்மோனிக்கில் டிஇ 2,3, சுமார் 233 ஜிகாஹெர்ட்ஸில். பிடிப்பில் அது பலசாலி. மின்னோட்டத்தை ஏற்றும்போது 460 அடங்கி 233 எழுந்தால், நீங்கள் பார்ப்பது பவர் கூடிய மாதிரி இருக்கும், டிஎன்பி செய்யும் பொருளுக்குப் பிரயோஜனம் இருக்காது. அலை வெளியேறும் சாளரத்துக்குப் பின்னால் 233 ஐ அடைத்து 460 ஐ விடும் குறுகலான வேவ்கைடுத் (அலையை வழிநடத்தும் உலோகக் குழல்) துண்டு ஒன்றை அளவியின் முன்னால் எப்போதும் வைத்திருங்கள். 0.5 மில்லிமீட்டர் விட்டம் போதும், அதில் 233 நுழையவே முடியாது.

அடுத்தது ஆல்பா. 1.5 என்பது நிரல் சொன்னது. ஆல்பாவை நேராக அளக்க வழியில்லாத குழாயில் அந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். குறுக்கு வேகத்தில் 5 சதவீதப் பரவல் இருந்தால் ஆல்பா 1.5 இல் நெடுக்கு வேகத்தில் 11 சதவீதப் பரவலாக அது விரியும், ஏனென்றால் ஆல்பாவின் வர்க்கத்தால் பெருகுகிறது. உங்கள் குழிக்குள் எலக்ட்ரான் 146 சுற்று சுற்றிவிட்டுத்தான் வெளியேறுகிறது. 11 சதவீதப் பரவல் என்றால் 16 சுற்று வித்தியாசம். கட்டம் ஒன்றாகச் சேராது. ஆல்பாவை மேலே தள்ளினால் கோட்பாட்டில் லாபம், ஆனால் 2 ஐ நெருங்கும்போது சராசரியைவிட 12 சதவீதம் கூடுதல் குறுக்கு வேகம் உள்ள எலக்ட்ரான்கள் காந்தக் கண்ணாடியில் (புலம் வலுக்கும் இடத்தில்) பட்டுத் திரும்பித் துப்பாக்கிக்கே வந்துவிடும். அவை இடையில் சிக்கிக்கொண்டு இங்குமங்கும் அலையும்.

நேரில் தெரியும் அடையாளங்கள்: குழியுடல் மின்னோட்டம் திடீரென்று ஏறும், ஸ்பெக்ட்ரத்தில் பிரதான கோட்டின் இரண்டு பக்கமும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் தள்ளி சின்னக் கோடுகள் முளைக்கும், எமிட்டரின் (எலக்ட்ரானை உமிழும் வளையத்தின்) சூடு கட்டுப்பாடு இல்லாமல் ஆடும். துப்பாக்கிக்குத் தனி ஆனோடு இருந்தால் அதை 50 வோல்ட் படியாக ஏற்றி, இந்த அடையாளம் தெரிந்த இடத்திலிருந்து இரண்டு படி இறக்கி நிறுத்துங்கள். இல்லையென்றால் துப்பாக்கிச் சுருளின் புலத்தைக் குறைத்துக் கூட்டி அதே வேலையைச் செய்யலாம், ஆனால் அப்போது கற்றை ஆரமும் சேர்ந்து மாறும், மேலே சொன்ன 1.03 ஐத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எமிட்டர் வளையம் ஒரு பக்கம் 10 டிகிரி குறைவாகச் சூடானாலும் வெப்பவரம்பில் (மின்னோட்டத்தை எமிட்டரின் சூடே நிர்ணயிக்கும் நிலையில்) ஓடும்போது மின்னோட்டம் அந்தப் பக்கம் சரியும். பரவலுக்கு அது ஒரு மூலகாரணம். வளையத்தைச் சுற்றி எட்டு இடத்தில் பைரோமீட்டரில் பார்த்த பதிவு உங்களிடம் இருக்கிறதா?

சாளரம்:

குழிக்கு அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 30 வாட் வெளியே வந்தது என்றே வைத்துக்கொள்வோம், 18 ஆனது எப்படி?

டிஇ 0,6 ஐ காஸியன் கற்றையாக்கும் (நடுவில் செறிந்து ஓரத்தில் தேயும் கற்றையாக்கும்) உள் மாற்றி சாதாரண வெட்டுமுனை ஏவி (அலையை வெளியே ஏவும் குழல்) என்றால் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சுவரில் மெல்லிய அலைவுகள் செதுக்கிய ஏவியில் 95 தாண்டலாம். மாறாமல் தப்பிய அலை குழாய்க்குள்ளேயே சுற்றி, பீங்கான் காப்புகளைச் சூடாக்கி, சில நேரம் குழிக்கே திரும்பும்.

சாளரம்: குவார்ட்ஸ் தகடு என்றால் அரை அலைநீளம் 0.167 மில்லிமீட்டர். தகட்டின் தடிமன் இதன் முழு மடங்காக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் என்று குத்துமதிப்பாக வாங்கிய தகடு முழு மடங்கில் அமையாது, 2.004 அமையும். அந்த வித்தியாசம் சிறிதுதான், ஆனால் தடிமன் 0.04 தப்பினால் எதிரொளிப்பு பத்து இருபது சதவீதத்துக்குப் போய்விடும். அது வெறும் இழப்பு மட்டுமில்லை, திரும்பிய அலை குழியின் அதிர்வெண்ணை இழுக்கும்.

பைப்: உள்வரி போட்ட வேவ்கைடில் வரியின் ஆழம் 0.16 மில்லிமீட்டர். அலைக்கற்றை நுழையும்போது அச்சிலிருந்து சாய்ந்திருந்தால் இழப்பு பைப் நீளத்தில் இல்லாமல் வாயிலேயே நடந்துவிடும். வெப்பத்தாளை (சூடு பட்டால் நிறம் மாறும் தாள்) வாயிலும், முதல் முழங்கை தாண்டியும், கடைசியிலும் வைத்துப் படம் எடுங்கள். வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும்.

கலோரிமீட்டர்: உறிஞ்சும் கூம்பு எந்த அதிர்வெண்ணுக்கு அளவிட்டது என்று பாருங்கள். 100 ஜிகாஹெர்ட்ஸுக்காகச் செய்தது 460 இல் கணிசமாக எதிரொளிக்கலாம். சின்ன ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்து 20 வாட் கொடுத்துப் பார்த்தால் தண்ணீர்ப் பக்கம் சரியா என்பது தெரியும், எதிரொளிப்பு தெரியாது. அதற்குக் கூம்பை ஐந்து டிகிரி சாய்த்து மீண்டும் அளக்க வேண்டும்.

நம் ஊருக்கான ஒரு எச்சரிக்கை. பல கட்டடங்களில் இரவும் வார இறுதியும் ஏர்கான் நின்றுவிடும், பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரிக்கு ஏறிவிடும். 18 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய் அன்று வியர்த்து நிற்கும். திங்கள் காலை 15 கிலோவோல்ட் போடும்போது துப்பாக்கியின் பீங்கான் மேல் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் கசிவு மின்னோட்டம் ஓடும், அதைக் கற்றை மின்னோட்டம் என்று மீட்டர் கணக்குச் சொல்லும். உங்கள் 150 மில்லிஆம்பியரில் எவ்வளவு உண்மையில் கற்றை? எமிட்டர் குளிர்ந்திருக்கும்போது உயர் மின்னழுத்தம் மட்டும் போட்டு மீட்டரைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். தண்ணீரை 22 டிகிரிக்கு ஏற்றி, பைப்புக்குள் உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக ஓடவிடுங்கள். வரிகளுக்குள் ஈரம் தங்குவதை அது நிறுத்தும். 448 ஜிகாஹெர்ட்ஸில் நீராவியின் உறிஞ்சு கோடு இருப்பதால் திறந்த காற்றில் போகும் தூரத்தையும் குறைப்பது நல்லது.

குழிக்கணக்கு:

எமிட்டர் சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். 60 மில்லிஆம்பியர் தெரிந்த பிறகு நீளத்தைப் பற்றி இப்போது பேசுவது அவசரம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 67 வாட், 45 சதவீதம், மாற்றியில் 80 சொச்சம், பைப்பில் 75 என்று பெருக்கினால் 18 வந்துவிடும். எண் பொருந்திவிட்டதால் ஒவ்வொரு பங்கும் சரி என்று ஆகிவிடாது. சுவரைத் தனியாக அளக்கலாம். குழியின் தண்ணீரை நிமிடத்துக்கு அரை லிட்டராக வையுங்கள். கற்றை ஓடட்டும். புலத்தைக் கொஞ்சம் மாற்றி அலைவை நிறுத்திவிட்டுத் தண்ணீரின் வெப்ப ஏற்றத்தைக் குறியுங்கள். பிறகு அலைவை வரவழைத்து மீண்டும் குறியுங்கள். சுவரில் 37 வாட் விழுந்தால் வித்தியாசம் 1 டிகிரி. பிளாட்டினம் உணரி வைத்தால் தாராளமாகப் படிக்கலாம். 1 மில்லிடெஸ்லா மாற்றம், ஒத்ததிர்வை 54 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும். 60 மில்லிடெஸ்லா போனால் அலைவு நின்றுவிடும், ஆனால் அங்கே 233 எழவில்லை என்பதை எமிட்டர் சொன்ன வேவ்கைடுத் துண்டை எடுத்துவிட்டு உறுதி செய்யுங்கள்.

இந்த 37 வாட் குழியைக் கெடுக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 25 வாட்டுக்கும் குறைவு. மெகாவாட் குழாய்கள் 2 கிலோவாட் வரை தாங்குகின்றன. சூடு பிரச்சினை தருவது வேறு விதத்தில்: செம்பு 40 டிகிரி சூடேறினால் ஆரம் விரிந்து அதிர்வெண் 300 மெகாஹெர்ட்ஸ் இறங்கும். தண்ணீரின் வெப்பநிலையை 0.1 டிகிரிக்குள் பிடித்தால்தான் டிஎன்பி அளவீடு மணிக்கணக்கில் நிலையாக நிற்கும்.

கலெக்டர்:

மேலே உள்ள எல்லாம் சரியானாலும் 5 சதவீதத்தைத் தாண்டமாட்டீர்கள் என்பது என் கணிப்பு. ஒரு விதத்தில் அது சாதகம். கற்றை தன் ஆற்றலில் 3 சதவீதம் மட்டுமே கொடுத்ததால் வெளியே வருகிற எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் இருக்கின்றன. கலெக்டர் பக்கம் புலத்தை மெதுவாகத் தளர்த்தி, குறுக்கு வேகத்தை நெடுக்காக மாற்றிவிட்டால், ஒரே படி எதிர்மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை மீட்கலாம். சிறிய குழாய்களில் இதை அதிகம் செய்வதில்லை, ஏனென்றால் உயர் மின்னழுத்தக் காப்புக்கு ஆகும் செலவு மிச்சமாகும் 2 கிலோவாட்டைவிட அதிகம். அத்தோடு காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் அமுக்கி ஒன்றே 7 கிலோவாட் இழுக்கிறது. சுவர்ப் பிளக்கிலிருந்து பார்த்தால் கற்றையே சில்லறைதான்.

உயர் அதிர்வெண் என்றாலே பயனுறுதிறன் இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீஷ்னி நோவ்கரதில் உள்ள பயன்பாட்டு இயற்பியல் நிறுவனத்தின் துடிப்பு ஜைரோட்ரான் 670 ஜிகாஹெர்ட்ஸில் 200 கிலோவாட்டுக்கு மேல், 20 சதவீத அளவில் எட்டியது. அடிப்படை ஹார்மோனிக், பெரிய மோட், பெரிய மின்னோட்டம், துடிப்புக் காந்தம். அதே குழு 2008 இல் 1 டெராஹெர்ட்ஸில் 1.5 கிலோவாட் எடுத்தபோது 38 டெஸ்லாவுக்கு மேல் தேவைப்பட்டது, துடிப்பின் நீளம் 50 மைக்ரோ நொடி. நாள் முழுக்க ஓட வேண்டிய குழாய்க்கு அந்தப் புலம் கிடைக்காது. அதனால்தான் நீங்கள் 8.4 டெஸ்லாவோடு இரண்டாம் ஹார்மோனிக்கில் நிற்கிறீர்கள். அந்தத் தேர்வின் விலைதான் இந்த 25 மில்லிமீட்டர் குழி.

அலைநீளம்:

குளிர்ந்த எமிட்டரோடு 15 கிலோவோல்ட் போட்டுப் பார்த்தாயிற்று: மீட்டரில் 11 மில்லிஆம்பியர். பீங்கானைத் துடைத்து, தண்ணீரை 22 டிகிரிக்கு ஏற்றிய பிறகு 0.4. ஆக, கற்றை 139 தான்; தொடக்கம் 60 என்று எழுதியதும் உண்மையில் 49. சாளரம் அண்ணனுக்கு நன்றி.

சாளரத் தகடு 2.00 மில்லிமீட்டர் என்றுதான் ஆர்டரில் இருக்கிறது. மைக்ரோமீட்டரில் 2.03. அதை மாற்றுவதற்கு முன், இந்த வாரம் குழித் தண்ணீரின் 1 டிகிரிச் சோதனை, பிறகு 0.05 மில்லிமீட்டர் படியாகத் தொடக்க மின்னோட்ட வரைபடம். எமிட்டர் அண்ணா, பைரோமீட்டர் பதிவு நான்கு இடத்துக்குத்தான் இருக்கிறது. எட்டு இடத்தில் எடுத்து எண்களை இங்கே போடுகிறேன்.